கொத்சுப் பொடியில் சுட்ட பீன்ஸ்

சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்குத் துணை கொத்சுதான். நடராஜர் கோயில் நிவேதனத்திலும் தீட்சிதர் வீட்டு இலையிலும் இரண்டும் சேர்ந்தே வரும். உதிரியாக வடித்த சோற்றில் தாராளமாக நெய் விட்டு, வறுத்துப் பொடித்த மிளகு சீரகத்தையும் உப்பையும் கலந்தால் சம்பா சாதம். அந்த வறண்ட காரத்துக்குப் பக்கத்தில், கறுத்துக் குழைந்து எண்ணெய் மினுங்க ஒரு கரண்டி கத்திரிக்காய் கொத்சு விழுந்தால்தான் இலை நிறைகிறது. முதலில் புளிப்பு, பின்னாலேயே காரம், விழுங்கிய பிறகு நாக்கில் தங்கும் வெல்லம்.

அந்த வெல்லத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். கொத்சு இனிப்புக் கறி இல்லைதான். ஆனால் புளியும் மிளகாயும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், ஒரு சிறு துண்டு வெல்லம் இரண்டையும் சமாதானப்படுத்துகிறது. கடலூர் மாவட்டம் கரும்பு விளையும் மண். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. புளிக்கறியில் கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போடுவது இந்தப் பக்கத்துச் சமையலுக்கு அந்நியமான பழக்கம் இல்லை.

வெல்லத்துக்கு அடுத்தது நெருப்பு. கத்திரிக்காயை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி மசிப்பது ஒரு வழி. முழுக் காயாகச் சுட்டுத் தோல் உரித்து மசிப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் ஆட்கள் உண்டு, என் ஓட்டு சுட்டதற்கே. தோலில் எண்ணெய் தடவி, காம்போடு தணலில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தால், தோல் கருகி வெடிக்கும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, சதை தன் சாற்றிலேயே வெந்து சுருங்கும். நீர் போகப் போகக் காயின் ருசி திரளும், புகையின் மணமும் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் வேகவைத்த காயில் இது நடக்காது. விறகடுப்பு இருந்த வீடுகளில் சமையல் முடிந்த தணலே இதற்குப் போதும். இன்று கேஸ் அடுப்பின் சுடரில் காட்டிச் சுடுகிறோம். ஓவன் இருந்தால் 200 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குள் பெரிய காய்கூடக் குழைந்துவிடும். புகை மணம் சற்றுக் குறையும். ருசி திரள்வதில் குறை இருக்காது.

பொடி கடைசி நேரத்தில் வறுக்க வேண்டியது. 2 மேசைக்கரண்டி தனியா, 1 மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, 5 காய்ந்த மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம். எல்லாவற்றையும் சில துளி நல்லெண்ணெயில் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். பருப்புதான் கொத்சுவை இறுக்குகிறது. வெந்தயம் ஒரு மெல்லிய கசப்பைக் கொடுத்து வெல்லத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. கோயில் வழியில் வெங்காயம் கிடையாது, தக்காளி கிடையாது. கடைத்தெரு ஓட்டல்களில் இட்லிக்கும் பொங்கலுக்கும் ஊற்றுகிற கொத்சு வேறு: வெங்காயமும் தக்காளியும் சேர்ந்து, சில இடங்களில் பாசிப்பருப்பும் கரைந்து, சாம்பாருக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதையும் ரசித்துச் சாப்பிடலாம். ஆனால் சம்பா சாதத்துக்கு அது சேராது.

இனி பீன்ஸ். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் வழியாக நம் மலைகளுக்கு வந்த காய் இது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து கீழே இறங்குகிறது. கேரட், முட்டைக்கோஸோடு சேர்த்து இதையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று தள்ளிவைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மார்கழித் திருவாதிரைக்கு, நடராஜருக்குக் களி படைத்த அடியார் சேந்தனாரின் கதையை நினைத்து வெல்லக் களி கிளறும்போது, உடன் வரும் கூட்டில் அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி என்று நாட்டுக் காய்களாக எண்ணப்படுபவையே விழும். பீன்ஸுக்கு அங்கே இடமில்லை. அந்த நியமத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காய்ந்த மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து கொத்சுப் பொடிக்குள் உட்கார்ந்துவிட்ட ஒன்றுதான். மிளகாயை ஏற்றுக்கொண்ட பொடி பீன்ஸையும் ஏற்றுக்கொள்ளும். கோயில் மடப்பள்ளிக்கு இதைச் சொல்லவில்லை. வீட்டு அடுப்பங்கரைக்குச் சொல்கிறேன். பிஞ்சுக் கத்திரிக்காய் எளிதில் கிடைக்காத ஊர்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவும். அங்கே பீன்ஸும் ஓவனும் எல்லா இடத்திலும் உண்டு.

கத்திரிக்காய்க்குச் செய்வதை அப்படியே பீன்ஸுக்குச் செய்தால் கெட்டுவிடும். புளித்தண்ணீரில் போட்டால் பீன்ஸ் சீக்கிரம் வேகாது. புளிப்பு காயின் நாரை இறுக்கிப் பிடிக்கும். பச்சை நிறமும் போய்ப் பழுப்பாகும். வெல்லத்தை முதலிலேயே போட்டு ஓவனில் வைத்தால் காய் வேகும் முன்னே வெல்லம் கருகிக் கசந்துவிடும். ஆகவே முதலில் வெறும் நெருப்பு, பிறகுதான் புளியும் வெல்லமும்.

கால் கிலோ பிஞ்சு பீன்ஸைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, இரண்டு முனையும் நாரும் நீக்குங்கள். ஈரம் இருந்தால் காய் சுடாது, அவியும். நறுக்காமல் முழுதாகவே வைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் உப்பும் பிசிறி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, சூடேறிய ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடம். நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். தோல் சுருங்கி, அங்கங்கே கரும்புள்ளி விழும். அதற்குள், நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, மஞ்சள்தூள் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, 2 தேக்கரண்டி பொடித்த வெல்லமும் 2 தேக்கரண்டி கொத்சுப் பொடியும் போட்டு, கரண்டியில் ஒட்டுகிற பதத்தில் இறக்குங்கள். இதைச் சுட்ட பீன்ஸ்மேல் ஊற்றிப் பிரட்டி, மறுபடி ஓவனில் 5 நிமிடம். விளிம்பு பளபளத்தவுடன் எடுத்துவிட வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான இரும்புச் சட்டி போதும்: நன்றாகக் காயவைத்து, பீன்ஸை இரண்டு தவணையாகப் போட்டு, அதிகம் கிளறாமல் சுட்டெடுத்து மற்றதை இதேபோல் செய்யலாம்.

கொத்தவரங்காயில் செய்தால் அதன் கசப்பு வெல்லத்தோடு இன்னும் அழகாகப் பொருந்தும். ஆனால் அதை முதலில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். அவரைப் பிஞ்சுக்கு 15 நிமிடச் சூடே அதிகம்.

சூடான சோற்றில் நெய் விட்டு, மிளகு சீரகம் பொடித்துப் போட்டு, பக்கத்தில் இதை வையுங்கள். தயிர் சாதத்துக்கும் சேரும். மீந்துபோனால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கலாம். மொறுமொறுப்பு போய்விடும், ஆனால் புளியும் வெல்லமும் காய்க்குள் இறங்கியிருக்கும். எனக்கு அந்த மறுநாள் பீன்ஸ்தான் அதிகம் பிடிக்கிறது, இரண்டு இட்லியோடு.