ஒரு பட்டன்... ஒன்பது சைட்!

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் கோல அச்சு விற்பாங்களே, பார்த்திருக்கீங்களா? டிசைன் ஒண்ணுதான். வெள்ளை மாவு போட்டா வெள்ளைக் கோலம், கலர்ப் பொடி போட்டா கலர்க் கோலம். எத்தனை வாசலுக்கு வேணும்னாலும் அதே அச்சு! வெப்சைட் செய்றவங்க பாஷையில இதுக்குப் பேர் 'காம்போனென்ட்'. முதல்ல எந்த அச்சைச் செஞ்சு பழகலாம்னு கேட்டா, நம்ம ஓட்டு 'சைன்-இன்' பட்டனுக்குத்தான்.

'ஒரு பட்டனுக்கு இவ்வளவு பில்டப்பா பாஸ்?'ங்கிறீங்களா... மேட்டர் இருக்கு!

பாஸ்வேர்டு பத்திரம்

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், கிளப் அட்மிஷன்னு காலேஜ்ல ஏகப்பட்ட சைட் முளைக்குது. ஒவ்வொண்ணும் புது பாஸ்வேர்டு கேட்டா நம்மாளு என்ன பண்ணுவான்? மெயிலுக்கு வெச்ச அதே பாஸ்வேர்டைத் தட்டிட்டுப் போவான். அந்த சைட் லீக் ஆனா அவன் மெயிலும் அம்பேல்!

இதுக்குத்தான் 2012-ல் 'ஓ-ஆத் 2.0', அதன் மேல 2014-ல் 'ஓபன் ஐ.டி. கனெக்ட்' வந்தது. தி.நகர் ஜவுளிக்கடை வாசல்ல பையைக் கொடுத்துட்டு, டோக்கனோட உள்ளே போறோம் இல்லையா? அதே கதைதான். பாஸ்வேர்டு கூகுள் பக்கத்திலேயே தங்கிடும். நம்ம சைட்டுக்கு வர்றது 'இவர் இன்னார்தான்'னு டிஜிட்டல் கையெழுத்து போட்ட டோக்கன் மட்டும். அந்தக் கையெழுத்து நிஜமான்னு நம்ம சர்வர் செக் பண்ணணும். அது ரொம்ப முக்கியம்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 1996-ல் 'அட்வென்ட்நெட்'டா ஆரம்பிச்சு, 2009-ல் பேர் மாறின ஸோஹோ. மெயில், டாக்குமென்ட், கணக்குவழக்குன்னு எத்தனை ஆப் இருந்தாலும், உள்ளே போக ஒரே அக்கவுன்ட்தான்.

ஏன் அச்சு?

2023 மார்ச் 31-ஐக் கெடுவா வெச்சு, பழைய சைன்-இன் லைப்ரரியை விட்டுட்டுப் புதுசுக்கு மாறச் சொன்னது கூகுள். 20 பக்கத்துல காப்பி-பேஸ்ட் பண்ணவங்க 20 இடத்துல திருத்தணும். காம்போனென்ட்டா வெச்சிருந்தவங்க ஒரே இடத்துல திருத்திட்டு டீ குடிக்கப் போயிடலாம்!

அச்சுல என்னெல்லாம் வேணும்?

● 'டிவ்' டேக்குக்கு கலர் அடிச்சு பட்டன்னு ஏமாத்தாதீங்க. நிஜ 'பட்டன்' டேக் போட்டாதான் கீபோர்டுல வேலை செய்யும். பார்வையற்ற நண்பருக்கு ஸ்கிரீன் ரீடரும் 'பட்டன்'னு சொல்லும்.

● ஒரு தடவை அழுத்தினதும் 'காத்திருக்கவும்'னு மாறணும். ஸ்லோ நெட்ல நாலு தடவை தட்டுறவங்கதான் நம்ம மக்கள்!

● சைஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். 2023-ல் வந்த வெப் அணுகல் நெறிமுறை 2.2 குறைஞ்சது 24-க்கு 24 பிக்ஸல் கேட்குது. விரலுக்கு இன்னும் பெருசா இருந்தா சுகம்.

● பட்டன்ல வர்ற வார்த்தை, எந்தக் கம்பெனி சைன்-இன், இது ரெண்டும் வெளியே இருந்து வரட்டும். அதுதான் கோலப் பொடி. ஆனா கூகுள் லோகோவோட கலரை மட்டும் மாத்தக் கூடாது. அது அவங்க ரூல்.

● தமிழுக்கு இடம் விடுங்க. 'உள்நுழைக' நம்ம கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடு கணக்குல 8 குறியீடு. இங்கிலீஷுக்கு அளவெடுத்து அகலத்தைப் பூட்டினா, 'கூகுள் மூலம் உள்நுழைக' பாதியில வெட்டுப்படும். எழுத்துக்கு ஏத்த மாதிரி விரியவிடுங்க.

ஒரு எச்சரிக்கை. பட்டனோட தோற்றத்தை யார் வேணும்னாலும் காப்பி அடிக்கலாம், திருடனும்கூட! அதனால பாஸ்வேர்டு தட்டுறதுக்கு முன்னாடி அட்ரஸ் பாரைப் பாருங்க. அங்கே இருக்கிற முகவரி கூகுளோடதுதானான்னு உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் டைப் பண்ணுங்க.

அடுத்த வருஷம் சிம்போசியம் சைட் செய்யப்போறது உங்க ஜூனியர்ஸ். போகும்போது நல்ல அச்சு ஒண்ணைக் கையில கொடுத்துட்டுப் போங்களேன் சீனியர்ஸ்!