உத்திரத்தின் தலை ஏன் உளுத்துப் போகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் புதுச்சேரியின் பழைய வீடுகள் சிலவற்றில் ஓர் ஓசை தொடங்கிவிடும். கூடத்தில் வைத்த பித்தளைக் குண்டானில் ‘டொக், டொக்’ என்று நீர் சொட்டும் ஓசை அது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா வீட்டிலும் அந்த ஓசை பல ஆண்டுகள் கேட்டது. மழை நின்றதும் குண்டானை எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் அதை மறந்துவிடுவோம்.

ஒரு மார்கழியில், சுவரோரமாகக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரத் தொடங்கியது. வயதான தச்சர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஏணியில் ஏறி, உளியின் பிடியால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் ‘கணீர்’ என்றது. சுவரை நெருங்க நெருங்க ஓசை மந்தமாயிற்று. சுவரை ஒட்டிய இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினார். இரண்டு அங்குலம் தடையின்றி உள்ளே இறங்கியது.

“தம்பி, உடம்பு இன்னும் இரும்பு மாதிரி இருக்கு. தலைதான் போயிடுச்சு” என்றார்.

ஒரே மரம், ஒரே வீடு, ஒரே கடற்காற்று. அப்படியிருக்க, பதினைந்து அடி நீளம் கெடாமல் நிற்க, சுவருக்குள் இருக்கும் அரை அடி மட்டும் ஏன் உளுத்துப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மரத்தைக் காக்கும் வழியும் கூடவே கிடைத்துவிடும்.

கட்டைக்குத்து மாடி

முதலில் இந்தக் கூரையின் அமைப்பைப் பார்ப்போம். சுவருக்குச் சுவர் கனமான தேக்கு உத்திரங்களை வைத்து, அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகளைப் பரப்புவார்கள். அக்கட்டைகளின் மேல் சிறிய அச்சுக்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக நிறுத்தி அடுக்குவார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடைசியாகத் தட்டோடு. கொத்தனார்கள் இதைக் கட்டைக்குத்து மாடி என்பார்கள். பொறியாளர்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதியிலும் தமிழர் பகுதியிலும் பழைய மாடிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இத்தகைய தளம் 20 செ.மீ. கனம் இருந்தால், ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ 350 கிலோகிராம். நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உள்ள ஓர் அறையின் மேல் 7 டன் எடை நிற்கிறது என்று பொருள். நீரில் ஊறினால் எடை இன்னும் கூடும். அந்த எடை முழுவதும் உத்திரங்களின் இரு தலைகள் வழியாகத்தான் சுவருக்கு இறங்குகிறது. நடுப்பகுதி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தலை நசுங்கினால் உத்திரம் உட்கார்ந்துவிடும்.

கடற்காற்று குற்றவாளியா?

‘கடலோர ஊர், காற்றிலேயே ஈரம். மரம் உளுக்காமல் என்ன செய்யும்?’ என்று பலரும் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; வறண்ட காற்றில் அதைத் திருப்பிக் கொடுக்கும். கொஞ்ச நாளில் காற்றுக்கு ஏற்ற ஓர் அளவில் நிலைபெறும். வெப்பநிலை 30 டிகிரி செல்சியசும் ஒப்பு ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதமும் இருந்தால், மரத்தில் தங்கும் நீர் அதன் உலர்ந்த எடையில் சுமார் 13 முதல் 16 சதவீதம்தான். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டாலும் இது 20 சதவீத அளவில்தான் நிற்கும்.

மரத்தை உளுக்கச் செய்வது பூசணம். அது வளர்வதற்கு இந்த ஈரம் போதாது. மரத்தின் செல் சுவர்கள் 28 முதல் 30 சதவீதம் வரை நீரைத் தமக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் நீர்தான் செல்களின் உட்குழிகளில் துளிகளாகத் தங்கும். பூசணம் செழிப்பது அந்த நிலையில்தான். எனவே 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்திருக்கும் மரத்தைப் பூசணத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது நடைமுறை விதி. கூடத்துக்கு மேலே காற்றாட நிற்கும் பதினைந்து அடி மரம் நூறாண்டு வாழ்வதன் இரகசியம் இதுதான்.

ஆகவே கடற்காற்றை விட்டுவிடலாம். உண்மையான குற்றவாளி எங்கோ புகுந்து, வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்ட மழைநீர்.

நீர் ஏறும் ஏணி

புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பெய்தது. 100 சதுர மீட்டர் மாடியில் அது 48,000 லிட்டர் நீர். மழைநீர்த் தூம்பை ஒரு கைப்பிடிச் சருகு அடைத்திருந்தால் அந்த மாடி என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் போதும். நீர் சுவருக்குள் இறங்கும். அங்கே உத்திரத்தின் தலை காத்திருக்கிறது.

பள்ளியில் நுண்புழை ஏற்றம் பற்றிப் படித்திருப்பீர்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் பரப்பு இழுவிசையால் நீர் தானே மேலேறும். குழாயின் ஆரம் குறையக் குறைய ஏற்றம் கூடும். ஆரம் 0.1 மி.மீ. என்றால் நீர் 15 செ.மீ. வரை ஏறும்; 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். மரம் என்பது இத்தகைய குழாய்களின் கட்டுதான். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் கொண்டுபோன குழாய்கள் அவை. மரத்தின் பக்கவாட்டில் பட்ட நீர் ஒவ்வொரு செல் சுவராகக் கடக்க வேண்டும். ஆனால் அறுத்த முனையிலோ எல்லாக் குழாய்களும் வாய் திறந்து நிற்கின்றன!

தேக்கின் வைரப் பகுதியில் இந்தக் குழாய்கள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். பூசணத்துக்கும் கரையானுக்கும் பிடிக்காத பொருள்களும் அதில் உண்டு. அதனால்தான் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஊறிக்கொண்டே இருந்தால் தேக்கும் ஒருநாள் தோற்கும். ஓரத்திலுள்ள வெளிறு அதற்கு முன்பே போய்விடும்.

இதோ ஒரு சோதனை

பழப்பெட்டிப் பலகையிலிருந்து ஒரே அளவில் மூன்று துண்டுகள் அறுத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் இரு அறுபட்ட முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். மூன்றாவதில் முனைகளை விட்டுவிட்டு நான்கு பக்கங்களிலும் பூசுங்கள். மூன்றையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, மை கலந்த நீரில் ஒருமணி நேரம் மூழ்க வையுங்கள். பிறகு துடைத்து, மறுபடி எடைபோடுங்கள். பக்கங்களின் பரப்பு முனைகளின் பரப்பைவிடப் பல மடங்கு பெரிது. அதை மனத்தில் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எங்கே அதிக நீர் புகுந்தது என்று கணக்கிடுங்கள். துண்டுகளை நெடுக்குவாட்டில் பிளந்தால், மை எந்த வழியே ஓடியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

சோதனை அதோடு முடியவில்லை. முதல் துண்டைப் போல இன்னொன்றை நனைத்து, அதை ஈர மணலில் புதைத்துவிட்டு, முதல் துண்டைக் காற்றில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து எடைபோடுங்கள். நனைந்த மரம் எல்லாமே கெடுவதில்லை. நனைந்து உலராத மரமே கெடுகிறது என்பது அப்போது புரியும்.

வெளியே தெரியாத நோய்

ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் சிறிது கிடைத்தால் பூசண வித்துகள் முளைக்கின்றன. ஒரு வகைப் பூசணம் மரத்துக்கு வலுத்தரும் செல்லுலோசைத் தின்னும். மிஞ்சும் மரம் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இன்னொரு வகை லிக்னினையும் தின்று மரத்தை வெளுத்த நார் ஆக்கிவிடும். எடையில் சில சதவீதமே குறைந்திருக்கும்போதே மரம் தன் வலுவில் பெரும்பங்கை இழந்திருக்கக்கூடும். ஈர மரத்தைக் கரையானும் விரும்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் சில வேலைகளே இந்த நோயை வளர்க்கின்றன. பழைய சுண்ணாம்புச் சுவர் நனைந்தாலும், அதன் நுண்துளைகள் வழியே ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் எனாமல் வண்ணமும் ஏற்றினால் அந்த வழி அடைபடுகிறது. ஆனால் விரிசல் வழியே நீர் உள்ளே வருவது மட்டும் நிற்பதில்லை. பெரியம்மா வீட்டில் நடந்ததும் இதுதான்.

இது ஏதோ சிறு வீட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். கடற்கரையில் 1870-71இல் கட்டப்பட்ட மேரி கட்டடம், 2014 நவம்பரில் பெய்த கனமழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கட்டடம் விழுந்ததற்கு மரத்தை மட்டுமே காரணம் சொல்ல முடியாது. ஆனால் பராமரிப்பின்றி ஊறிக்கிடக்கும் பழைய கட்டடத்துக்கு ஒரு மழைக்காலம் என்ன செய்யும் என்பதை ஊர் முழுவதும் அன்று கண்டது.

என்ன செய்யலாம்?

முதல் மருந்து மாடியில் இருக்கிறது. புரட்டாசிக்குள் தூம்புகளைச் சுத்தம் செய்யுங்கள். விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். அதன் வேர் போகும் வழியேதான் நீரும் போகும்.

இரண்டாவது, உத்திரத்தின் தலைக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். பழுதுபார்க்கும்போது தலையைச் சாந்தில் புதைக்காமல் ஒரு படிக்கல்லின் மேல் உட்கார வைத்து, இரு பக்கமும் மேலும் பின்னும் ஓர் அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். அறுத்த முனைக்குத் தார் பூசுவது நல்ல பழக்கம். ஆனால் மரம் நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும். ஈர மரத்துக்குத் தார் பூசினால் உள்ளிருக்கும் நீரையும் சேர்த்துச் சிறை வைத்ததாகும்.

மூன்றாவது, மருந்திடுதல். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்பவர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகள் கலந்த கரைசலைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் மின்கம்பங்களும் தண்டவாளக் கட்டைகளும் அதனால் காக்கப்பட்டன. ஆர்சனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு மரங்களுக்கு அதை இடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசல் ஏற்றது. ஈர மரத்துக்குள் அது தானே விரவிப் பரவும். ஆனால் மழை நேரே படும் இடத்தில் கரைந்து போய்விடும்.

கடலைப் பார்த்து மரத் தளம் போடும் விடுதிகளுக்கும் இதே விதிதான். அங்கே முதலில் கெடுவது பலகைகளைத் தாங்கும் கட்டைகளின் மேல்முகம். பலகைக்கும் கட்டைக்கும் நடுவிலும், திருகாணித் துளைகளிலும் நீர் தேங்கும். கட்டையின் தலைமேல் தார்த்தாள் பட்டை ஒட்டி, பலகைகளுக்கிடையே இடைவெளியும் அடியில் காற்றோட்டமும் விட்டால், தளத்தின் ஆயுள் கூடும்.

தலை போனாலும் உத்திரம் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பெரியம்மா வீட்டில் கூரைக்கு முட்டுக்கொடுத்து, உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து நீக்கினார்கள். இருபுறமும் இரும்புச் சட்டங்களை வைத்து ஆணி முடுக்கி, சட்டங்களின் முனையைப் படிக்கல்லில் ஏற்றினார்கள். மற்ற மரம் இன்றும் தன் வேலையைச் செய்கிறது. ‘மரம் கெட்டுவிட்டது, இடித்துவிடுவோம்’ என்று யாராவது சொன்னால், எத்தனை அடி கெட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மர உத்திரம் இருந்தால், இந்த மழைக்கு முன் ஒருமுறை பெரியவர்களின் துணையோடு சுவரோரம் தட்டிப் பாருங்கள். மரத்தின் மின்தடை ஈரம் ஏற ஏறப் பல்லாயிரம் மடங்கு குறையும். அதை வைத்தே ஈரத்தை அளக்கும் சிறு கருவிகள் இப்போது கடையில் கிடைக்கின்றன. கருவி இல்லாவிட்டாலும் குறைவில்லை; தச்சர் கையிலிருந்த உளிப்பிடியும் குத்தூசியும் போதும். ஓசை மந்தமாகக் கேட்டால் குண்டானைத் தேடாதீர்கள். ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.