பாஸ் கிற்றாருக்குக் கம்பியில்லாச் செலுத்தி

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, யாது எழுதுவதெனச் சிறிது தயங்கினேன். கல்லூரியின் பழைய வரலாற்றையும் ஆசிரியப் பெருந்தகைகளின் சிறப்பையும் எடுத்துரைக்க என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். யானோ படிக்குங் காலத்திற் பௌதிகத்தில் நடுத்தர மாணவன். இசையில் அதனினுங் குறைந்தவன். எனினும் கடந்த பல ஆண்டுகளாக ஊவாத் தோட்டங்களின் திருவிழா மேடைகளில் இன்னிசைக் குழுவொன்றிற் பாஸ் கிற்றார் வாசித்து வருகின்றேன். மாணவர் இசைக்குழுவுக்குப் பாஸ் கிற்றார் ஒன்றை வழங்கிய நமது சங்கத்தார், இப்பொழுது அதற்குரிய கம்பியில்லாச் செலுத்தியொன்றையும் வாங்கிக் கொடுக்க எண்ணியிருக்கின்றனர். எதை வாங்குவது என்பதே கேள்வி. அதுபற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளின் முன், ஒரு சித்திரை மாதத்தில், ஸ்பிரிங்வெளியில் ஒரு கோயில் திருவிழா. பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சாரலில் ஏறிச் செல்லும் பாதையை அறிந்தோர், அங்கே சித்திரை மாதப் பிற்பகல் எப்படியிருக்கும் என்பதையும் அறிவர். மூன்று மணிக்கு இடி. நான்கு மணிக்கு மழை. ஆறு மணிக்கு வானம் தெளிந்து லயங்களிலிருந்து சனங்கள் வரத் தொடங்கிவிடுவர். அன்றும் அப்படியே. மேடைப் பலகைகள் நனைந்திருந்தன. ஒலிபெருக்கிகளுக்கு மின்பிறப்பாக்கியொன்றிலிருந்தும், எனது கிற்றார்ப் பெட்டிக்கு அருகிலிருந்த மண்டபத்திலிருந்தும் மின்சாரம் எடுத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டிற் பின்குரல் கொடுப்பதற்காக மைக்கின் அருகே வாயைக் கொண்டுபோனேன். உதடு பட்டதுதான் தெரியும். பின்பு கண்விழித்தபோது மேடையின் ஓரத்திற் கிடந்தேன். நண்பர்கள் என் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தனர். இடக்கை விரல்களிற் கிற்றார்த் தந்தி பதிந்த இடத்தில் வெந்த தழும்பு பல நாள் இருந்தது.

நடந்தது இதுதான். பாஸ் கிற்றாரின் தந்திகள், வயரின் வெளிப்பின்னல் வழியாக, ஒலிபெருக்கிப் பெட்டியின் உலோக உடலோடு தொடுக்கப்பட்டுள்ளன. மைக்கின் உலோக வலையும் அவ்வாறே மற்றொரு பெட்டியோடு தொடுக்கப்பட்டுள்ளது. இரண்டு பெட்டிகளும் ஒரே புவித்தொடுப்பில் இருந்தால் இடையூறு இல்லை. ஒன்றின் புவித்தொடுப்பு அறுந்து அதனுள் மின்கசிவும் இருந்தாலோ, அவ்விரண்டு உலோகங்களுக்குமிடையே 230 வோல்ற்று வரை நிற்கக்கூடும். கையிலே தந்தியும் உதட்டிலே மைக்குமாக நிற்கும் மனிதன் அவ்விரண்டையும் இணைக்கும் கம்பியாகிவிடுகின்றான்.

மேடையில் இவ்வாறு உயிர்நீத்தாரும் உளர். லெஸ் ஹார்வி என்னும் ஸ்கொத்லாந்துக் கிற்றார்க் கலைஞர், 1972ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், புவித்தொடுப்பற்ற மைக்கைத் தொட்டதனால் மேடையிலேயே மாண்டார். 1976இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள லேக்லாண்டு நகரில், கிஸ் என்னும் இசைக்குழுவைச் சேர்ந்த ஏஸ் ஃபிரேலி, மேடைப் படிக்கட்டின் உலோகக் கைபிடியைத் தொட்டு மின்தாக்குண்டு தப்பினார். அதன் பின்னர் அக்குழுவினர், கென் ஷாஃபர் என்பவர் அக்காலத்தில் ஆக்கியிருந்த கம்பியில்லாக் கருவியைக் கைக்கொண்டனர். கம்பியில்லாக் கிற்றார் என்றதும் மேடையில் ஓடியாடித் துள்ளுவதற்கான விளையாட்டுப் பொருள் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நானும் அவ்வாறே கருதியிருந்தேன். மின்தாக்குண்ட பின்னரே அதனை வேறு கண்கொண்டு நோக்கலானேன்.

ஒன்றை மட்டும் முன்னரே கூறிவிடுதல் வேண்டும். கம்பியில்லாச் செலுத்தி, வாசிப்பவனையும் பெட்டியையும் இணைக்கும் உலோகப் பாதையை அறுத்துவிடுகிறது, அவ்வளவே. கம்பியுள்ள மைக்கைக் கையிற் பிடித்து மேடையின் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் பாடகனுக்கு அதனால் யாதொரு காப்புமில்லை. ஆகவே செலுத்திக்கு முன்னதாக, 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தை நிறுத்திவிடும் ட்ரிப் சுவிச் ஒன்றையும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒழுங்கையும் கல்லூரி மண்டபத்திற் செய்துவிடுதல் நன்று. இதற்குச் செலவாகும் பணம் செலுத்தியின் விலையிற் சிறுபங்குதான்.

இனி, பாஸ் கிற்றாரின் இயல்பைக் கவனிப்போம். 1951இல் லியோ ஃபெண்டர் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே இதனை உலகெங்கும் பரப்பியது. நான்கு தந்திகளில் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது; ஐந்து தந்தியுள்ள கருவியில் மிகத் தாழ்ந்தது 31 முறை அதிர்வது. நமது மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவது. தடித்த தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தினால் எழும் சுரமோ 49 அதிர்வுகள். ஆகவே வேறு வாத்தியங்களில் உடனே காதிற்படும் மின்னிரைச்சல், பாஸ் கிற்றாரில் ஒரு சுரம்போல ஒளிந்துகொள்ளும். எமது குழுவில் ஒருமுறை ஓர் இரவு முழுவதும் சுருதி கலைந்திருப்பதாக என்மேற் குறை கூறினார்கள். கலைந்தது சுருதியன்று, புவித்தொடுப்பு.

இத்துணைத் தாழ்ந்த ஒலிகளை எல்லாச் செலுத்திகளும் ஒழுங்காகக் கொண்டு செல்வதில்லை. பேச்சுக்கும் பாட்டுக்குமென அமைத்த மலிவான செலுத்திகள் சில, மூச்சுக்காற்றின் இரைச்சலை விலக்கும் பொருட்டுத் தாழ்ந்த அதிர்வுகளை வேண்டுமென்றே வெட்டிவிடுகின்றன. ஆதலாற் கருவியோடு வரும் தாளில், எத்தனை அதிர்விலிருந்து அது சீராக இயங்கும் என்பதை முதலிற் பார்க்க வேண்டும். 20 அல்லது 30 என்றிருந்தால் நன்று. எனினும் இதனை அளவுக்குமீறிப் பொருட்படுத்தவும் வேண்டியதில்லை. நமது ஒலிபெருக்கிப் பெட்டிகளிற் பல 50க்குக் கீழே தாமாகவே தளர்ந்துவிடுகின்றன; தாழ்ந்த சுரத்தின் இரட்டிப்பதிர்வைக் கேட்டு, எஞ்சியதை நமது காது இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதனிலும் முக்கியமானது செலுத்தியின் வாயில். பற்றறியில்லாத சாதாரண பாஸ் கிற்றாரின் காந்தச் சுருள், தான் தொடுக்கப்படும் கருவியின் தடங்கல் ஏறத்தாழ 10 லட்சம் ஓமாக இருப்பதை எதிர்பார்க்கிறது. சட்டையிற் குத்தும் சிறு மைக்குக்கென அமைந்த செலுத்தியில் அதனைச் செருகினால் ஒலி மந்தமாகிச் செத்துவிடும். மாறாகத் தன்னுள்ளே பற்றறி பூண்ட கிற்றார்கள் வலிய குறிப்பை அனுப்புவன. பெருவிரலாற் தந்தியை அறைந்து வாசிக்கும்போது அக்குறிப்பு செலுத்தியின் தாங்கும் எல்லையைக் கடந்து கரகரக்கும். எனவே வாயிலின் வலிமையைக் கூட்டவுங் குறைக்கவும் வழியுள்ள செலுத்தியையே தேர்தல் வேண்டும். இதனோடு தொடர்புடைய வேடிக்கை ஒன்றுண்டு. வயரொன்று மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட் கொள்ளளவம் உடையது. ஆறு மீற்றர் வயர் உயர்ந்த ஒலிகளிற் சிறிது விழுங்கிவிடும். வயரை நீக்கியதும் கிற்றார் முன்னையினும் கூர்மையாக ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டதென்று அஞ்சியோரையும், கருவி உயர்ந்ததென்று மகிழ்ந்தோரையும் யான் கண்டிருக்கிறேன். இருவருக்கும் விடை, ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைச் சற்றே திருப்புதல்தான்.

அடுத்தது எந்த அலையில் அனுப்புவது என்பது. பழைய முறையில் ஒலியை அப்படியே வானொலிபோல அலையிலேற்றி அனுப்புவர். அலையில் இடம் போதாமையால், அனுப்புமுன் ஒலியின் ஏற்றத்தாழ்வைப் பாதியாகச் சுருக்கி, வாங்கியில் மீண்டும் விரிப்பர். மனிதக் குரலில் இச்சூழ்ச்சி புலப்படாது. பாஸ் கிற்றாரிலோ, தாழ்ந்த சுரம் நீண்டு தேயும்போது, அதனோடு சேர்ந்து மேலே ஓர் இரைச்சல் மூச்சுவிடுவதுபோல எழுந்து அடங்கும். அதனை மறைக்க அங்கே உயர்ந்த ஒலி ஒன்றுமில்லை. புதிய முறையில் ஒலியை எண்களாக்கி அனுப்புகின்றனர். அதிலே இச்சுருக்கமும் விரிவும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. எண்ணாக்கி மீட்பதற்கு மூன்று, நான்கு மில்லிசெக்கன் தாமதம் உண்டாகும். ஒலி காற்றிற் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், மூன்று மில்லிசெக்கன் என்பது பெட்டியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும். தாளம் தவறியதற்கு இதனைக் காரணங் காட்டும் வாத்தியக்காரரை நம்ப வேண்டாம்.

எண்முறைக் கருவிகளில் மலிவானவை பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் பகுதியில் இயங்குவன. கிற்றாரிலே செருகும் சிறு கட்டை ஒன்று, பெட்டியிலே செருகும் கட்டை ஒன்று, வேறொன்றுமில்லை. மின்தாக்குண்ட பின் யான் முதலில் வாங்கியதும் அத்தகையதே. வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது எவ்விடத்தில் நின்றாலும் குறையின்றி ஒலித்தது. அன்றிரவு சனங்கள் நிறைந்தனர். மூன்றாவது பாட்டில் ஒலி துண்டு துண்டாக அறுந்தது. பழைய முறையில் அலை தளர்ந்தால் இரைச்சல் வந்து முன்னெச்சரிக்கை செய்யும். எண்முறையில் ஒலி இருக்கும், அல்லது அடியோடு இல்லாமற் போகும். காரணங்கள் இரண்டு. ஒன்று, அதே 2.4 பகுதியில்தான் வைஃபையும் புளூடூத்தும் இயங்குகின்றன. வந்திருந்த ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைத்தொலைபேசி. மற்றொன்று, அவ்வலையின் நீளம் 12 சென்ரிமீற்றர் அளவே. நீர் நிறைந்த மனித உடல் அதனை நன்கு உறிஞ்சும். செலுத்தி என் இடுப்பின் பின்புறம். வாங்கியோ சனங்களின் பக்கம் தரைமட்டத்தில். வாங்கியை ஆளுயரத்துக்கு மேலே, எனக்கு நேரெதிரில், ஐந்து மீற்றருக்குள் வைத்த பின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. 5.8 கிகாஹேட்ஸ் பகுதியில் நெரிசல் குறைவு. ஆனால் தடைகளைத் தாண்டும் ஆற்றலும் குறைவு.

500, 600 மெகாஹேட்ஸ் அளவில் இயங்கும் கருவிகள் விலை கூடியவை. தடைகளைச் சுற்றிச் செல்வதில் மேலானவை. இவற்றுக்குரிய அலைநீளம் அரை மீற்றர் அளவினது. தகரக் கூரையும் இரும்புத் தூணுமுள்ள மண்டபத்தில் அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கும். ஓரடி நகர்ந்தால் ஒலி மறையும், மீண்டும் ஓரடி நகர்ந்தால் வரும். இதற்கென்றே வாங்கியில் இரண்டு ஏரியல்களை வைத்து, எதில் வரவு நன்றோ அதனைக் கருவி தானே தெரிந்துகொள்ளுமாறு செய்திருக்கின்றனர். இரண்டு ஏரியல் இருப்பது போதாது. இரண்டும் தனித்தனியே வேலை செய்கின்றனவா என்பதைக் கேட்டறிய வேண்டும். பின்னாளிற் பாடகருக்கும் மற்றக் கிற்றாருக்கும் இத்தகைய கருவி வாங்க எண்ணுவோர் இன்னொன்றையுங் கருத வேண்டும். 600இலும் 601இலும் இரண்டு செலுத்திகள் ஒருங்கே இயங்கினால் 599இலும் 602இலும் பொய்யலைகள் தோன்றும். மூன்றாவதை 602இல் வைத்தால் மூவரும் அல்லற்படுவர். சமதூரத்தில் அடுக்காமல், கருவியிலேயே வகுத்திருக்கும் தொகுதிப்படி வைத்தல் முறை.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். அன்பினாற் கருவி அனுப்ப முன்வருவோர், அங்கே மலிந்து கிடக்கும் பழைய கருவிகளை வாங்கியனுப்ப வேண்டாம். அமெரிக்காவில் 2010இல் 700 மெகாஹேட்ஸ் பகுதியும், 2020இல் 600 பகுதியின் பெரும்பங்கும் கைத்தொலைபேசிச் சேவைகளுக்கென ஒதுக்கப்பட்டு, அவற்றில் இயங்கிய மைக்குகளும் கிற்றார்ச் செலுத்திகளும் விலக்கப்பட்டன. அவை மலிந்ததற்கு அதுவே காரணம். இலங்கையில் அலைகளை வகுத்துக் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு அதிகாரமளிக்கின்றன. எந்தக் கருவியாயினும் அதன் அலைப்பகுதியை எழுதிக் கேட்டு, அனுமதியுண்டா என்றறிந்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பற்றறியைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்துத் திருவிழா இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பது. உள்ளேயே மின்னேற்றும் பற்றறியுடைய சிறு கட்டைகள் நான்கைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இரண்டொரு ஆண்டில் அதுவும் குறையும். அப்பொழுது கருவியையே எறிய வேண்டியதுதான். கடையில் கிடைக்கும் சாதாரணப் பென்டோர்ச் பற்றறி இரண்டை மாற்றிப் போடக்கூடிய செலுத்தியே நமக்கு உகந்தது. நடுநிசியில் ஸ்பிரிங்வெளிக் கடைத்தெருவில் அதுவே கிடைக்கும்.

சங்கத்தார்க்கு எனது கருத்து இது. தொகை போதுமாயின், இரட்டை ஏரியல் வாங்கியும், மாற்றக்கூடிய பற்றறியும், வாயில் வலிமையைத் திருத்தும் வசதியுமுள்ள, அனுமதி பெற்ற அலையில் இயங்கும் எண்முறைக் கருவி ஒன்றையே வாங்குக. போதாதாயின், 2.4 பகுதியில் இடுப்பிற் செருகும் செலுத்தியும் தனியே உயரத்தில் வைக்கக்கூடிய வாங்கியும் உள்ளதாகப் பார்க்க. கட்டை வகை வேண்டாம். எதுவாயினும், வாங்குமுன் ஒரு காலைக் கூட்டத்தில், மாணவர் அனைவரும் மண்டபத்தில் நிறைந்திருக்கையில், வாசித்துப் பார்க்க வேண்டும். வெறும் மண்டபத்தில் காட்டும் கடைக்காரரின் சொல்லை யான் ஒருமுறை நம்பியாயிற்று.

எமது குழுவின் பழைய இருபதடி வயர் இன்னும் கிற்றார்ப் பெட்டியிலேயே சுருண்டு கிடக்கிறது. சென்ற திருவிழாவிலும் விடியற்புறம் ஒரு பாட்டுக்கு அதனை எடுக்க நேர்ந்தது. எடுக்குமுன் ட்ரிப் சுவிச்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.