காடும் தோட்டமும்

கொங்கு நாட்டு உழவர் தம் நிலத்தை மூன்று பெயரால் அழைப்பர். ஆற்றுநீரோ கால்வாய்நீரோ பாய்வது வயல். கிணற்று நீரால் விளைவது தோட்டம். வானத்தை நோக்கிக் கிடப்பது காடு. இங்கே காடு என்றது மரமடர்ந்த வனத்தை அன்று. மழையை நம்பி விதைக்கும் மானாவாரிப் புன்செய்யையே. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் ஆகிய வட்டாரங்களில் பெரும்பகுதி இத்தகைய காடே. ஒருவனுக்கு எத்தனை ஏக்கர் உண்டு என்று கேட்பதற்கு முன், அவன் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் உண்டு என்று கேட்பதே இப்பக்கத்து வழக்கம். நிலச்சீர்திருத்தம் இந்நாட்டில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை அறிய விரும்புவோர் இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நிலச்சீர்திருத்தம் என்பது யாது? உழுபவனுக்கும் நிலத்திற்கும் இடையே உள்ள உறவைச் சட்டத்தால் திருத்தி அமைப்பதே அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நாட்டில், ஊரில் வாழாத நிலக்கிழார்களின் நிலங்களை 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே விலைக்கு வாங்கி, அவற்றை உழுது வந்த குத்தகைக்காரர்களுக்கு விற்றது. நம் மாநிலத்தில் இப்பணி படிப்படியாக நடந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1955-இல் குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1956-இல் நியாயமான குத்தகையை வரையறுக்கும் சட்டமும் வந்தன. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பம் 30 தர ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்றது அச்சட்டம். 1970-இல் அவ்வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

காவிரிக் கழனிகளில் இச்சட்டங்கள் பெரும் கிளர்ச்சியை உண்டாக்கின. ஆங்கே நிலம் மிராசுதாரிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழைப்பு குத்தகைக்காரரிடமும் பண்ணையாளிடமும் இருந்தது. கொங்கு நாட்டின் நிலை வேறு. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. பாராமகாலில் ரீடு, மன்றோ ஆகிய அதிகாரிகள் வகுத்த இரயத்துவாரி முறையே இங்கும் பரவி நிலைத்தது. அம்முறையில், சிற்சில ஜமீன்களும் இனாம் ஊர்களும் நீங்கலாக, பயிரிடுவோனே பட்டாதாரன். அவனே நேராக அரசுக்கு வரி செலுத்தினான். ஆகவே ஒழிப்பதற்குப் பெரிய ஜமீன்கள் இங்கு மிகுதியாக இல்லை. காப்பதற்குக் குத்தகைக்காரர் கூட்டமும் தஞ்சையைப் போல் இல்லை. நிலத்தின் சொந்தக்காரன் தானே ஏர் பிடித்தான்; உடன் பண்ணையாளையும் வைத்துக்கொண்டான்.

எனின், உச்சவரம்புச் சட்டமாவது பெரு மாறுதல் செய்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இங்கேதான் ‘தர ஏக்கர்’ என்னும் சொல்லின் பொருளை நுணுகி நோக்க வேண்டும். ஓர் ஏக்கர் நன்செய்யும் ஓர் ஏக்கர் புன்செய்யும் ஒரே விளைவு தருவதில்லை. ஆதலால் நிலவரியை அடிப்படையாகக் கொண்டு, நல்ல நன்செய்யில் ஏறத்தாழ ஓர் ஏக்கரைத் தர ஏக்கர் என்றும், புன்செய்யாயின் அதனினும் மிகுதியான நிலம் சேர்ந்ததையே ஒரு தர ஏக்கர் என்றும் சட்டம் கணக்கிட்டது. கணக்கு நேர்மையானதே. ஆனால் அதன் பயன், வறண்ட சீமையில் பரந்த காடுகள் பலவும் வரம்பிற்குள் அடங்கிப் போயின என்பதாம். அன்றியும் அண்ணன் தம்பியர் பாகம் பிரித்துக்கொள்ளும் வழக்கம் சட்டத்திற்கு முன்பே நிலத்தைத் துண்டு துண்டாக்கி வந்தது.

காங்கயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்க்கு இது நன்கு விளங்கும். கொரங்காடு என்பது உழவு நிலம் அன்று, மேய்ச்சல் நிலம். ஆயினும் அது ஊர்ப்பொது அன்று. ஒவ்வொன்றும் ஒருவனுக்குச் சொந்தமான பட்டா நிலம். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலியாக அடர்ந்து நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல் தரையை மூடும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழலும் நெற்றும் தரும். மழை பொய்த்தாலும் கொழுக்கட்டைப் புல்லின் வேர் சாவதில்லை; ஒரு மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும். புகழ்பெற்ற காங்கயம் காளைகள் இப்புல்லை மேய்ந்தே வளர்ந்தன. இத்தகைய நிலத்தை இரண்டிரண்டு ஏக்கராகக் கூறுபோட்டு ஏழைகட்கு வழங்கினால் அவர்கள் அதை உழுவர். ஓராண்டு சோளம் விளையும், மறு ஆண்டு விளையாது, புல்லும் போய்விடும். நிலத்தைப் பகிர்வது நீதியே எனினும், தண்ணீரின்றிப் பகிர்ந்த நிலம் வயிற்றை நிரப்பாது என்பதற்கு இது தக்க சான்று.

ஆனால் இதைச் சொல்லி விட்டுவிடுவது நேர்மையாகாது. இக்காடுகளிலும் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்களுள் பெரும்பாலோர், சிறப்பாகத் தாழ்த்தப்பட்ட குலத்தினர், நிலமற்றவராகவே இருந்தனர். அவர்கள் குத்தகைக்காரர் அல்லர்; எனவே குத்தகைச் சட்டம் அவர்களைத் தீண்டவில்லை. உபரி நிலம் குறைவு; எனவே உச்சவரம்புச் சட்டமும் அவர்களுக்கு மிகுதியாக ஒன்றும் தரவில்லை. சட்டம் எழுதியோர் மனத்தில் தஞ்சை இருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கொங்கு நிலத்தை உண்மையில் மாற்றியது நீரே. முன்னாளில் இரு காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்து நீர் பாய்ச்சினர். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை காளைகள் சரிவில் இறங்கியும் ஏறியும் உழைத்தாலும், நனைவது சிறிது நிலமே. 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயமுத்தூர் ஆலைகளுக்கும், பின்னர்த் தோட்டத்துக் கிணறுகளுக்கும் வந்தது. காடு தோட்டமாயிற்று, பருத்தியும் புகையிலையும் செழித்தன. 1950-களில் கீழ்பவானிக் கால்வாய் வெட்டப்பட்டது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளமுள்ள அது, 2,07,000 ஏக்கரை இரு பகுதியாக்கி முறைவைத்து நீர் தருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் தன் பாசனப் பரப்பை நான்கு மண்டலமாக்கி மாறி மாறி நீர் விடுகிறது. சிலருக்கு நிறைய நீர் என்பதை விடுத்துப் பலருக்குச் சிறிது நீர் என்னும் இக்கொள்கையும் ஒருவகை நிலச்சீர்திருத்தமே. அதனை அப்பெயரால் அழைப்பார்தாம் இல்லை.

மின்சாரமே உயிராகிவிட்டமையால், 1970-இல் உழவர்க்கான மின்கட்டணம் உயர்ந்தபோது கொங்கு நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு சூன் 19-ஆம் நாள் திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். 1990-இல் உழவர் அனைவர்க்கும் விலையில்லா மின்சாரம் கிடைத்தது. மோட்டார்கள் ஓய்வின்றி ஓடின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர் கீழே கீழே சென்றது.

இதற்கிடையே திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்தது. தோட்டத்தில் ஈட்டிய பணத்தை மூலதனமாக்கி உழவர் பலர் பின்னல் எந்திரம் வாங்கினர். நிலமற்றோரின் மக்கள் பண்ணையத்தை விட்டு ஆலைக்குச் சென்றனர். நிலச்சட்டம் தரமுடியாத கூலி உயர்வை ஆலை தந்தது என்றால் மிகையாகாது. ஆயின் ஆள் கிடைக்காத தோட்டங்கள் தென்னந்தோப்புகளாயின, நகரை ஒட்டியவை வீட்டுமனைகளாயின, சில தரிசாயின. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்க, அந்நீரைத் திறந்துவிட வேண்டாவென்று கீழ்ப்பகுதி உழவர்களே தடுத்தனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாது சுத்திகரித்த பின்னரே அவை மீண்டும் இயங்கலாயின. உப்பேறிய மண் அத்துணை விரைவில் திருந்துவதன்று.

காங்கயத்துக் கொரங்காடுகளோ இன்றும் பல இடங்களில் எஞ்சியுள்ளன. சொந்தக்காரர் நகரத்தில் வாழ, நிலமற்ற மேய்ப்பர் அவற்றை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து ஆடும் மாடும் மேய்ப்பதும் உண்டு. அவர்களுடைய வேலை பெரும்பாலும் வாய்ச்சொல்லை நம்பியே நடைபெறுகிறது.