சவுக்கு மரமும் ஒரு சகோதரியும்

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஔவையாரின் பெயரைக் காணும்போதெல்லாம் மற்றொரு பெண்பாற் புலவர் என் நினைவில் எழுவார். அவர் பெயர் தோரு தத். ஆங்கிலத்தில் கவிதை யாத்த இந்தியப் பெண்களுள் அவர் முன்னோடி.

1856-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பிறந்தார். அண்ணன் அப்ஜு, அக்காள் ஆரு, கடைக்குட்டி தோரு. 1862-இல் அக்குடும்பம் திருமுழுக்குப் பெற்றது. நகர்ப்புறத்தே பாக்மாரியில் அவர்களுக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. புளியும் மாவும் மூங்கிலும் செம்பூ மலரும் இலவமும் தாமரைக் குளமும் அங்கே உண்டு. ஒரு சவுக்கு மரமும் உண்டு. பந்தற்காலாகவும் விறகாகவுமே சவுக்கை அறிந்த நமக்கு, அது கவிதைக்குப் பொருளாவது வியப்பளிக்கலாம். ஆயினும் அதன் நிழலில் அன்றோ அம்மூவரும் ஆடிக் களித்தனர்!

1865-இல் அப்ஜு பதினான்கு வயதிலேயே மறைந்தான். 1869-இல் பெற்றோர் தம் பெண்மக்கள் இருவரையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றனர். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் அவர்கள் பிரான்சில் பள்ளி சென்றனர். கேம்பிரிட்ஜில் மகளிர்க்கான விரிவுரைகளைக் கேட்டனர். 1873-இல் தாயகம் திரும்பினர். மறு ஆண்டே காசநோய் ஆருவைக் கொண்டுபோயிற்று. அப்போது அவளுக்கு வயது இருபது.

எஞ்சிய தோரு எழுதலானார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876-இல் நூலாக்கினார். தாய் சொன்ன சாவித்திரி, சீதை, துருவன் கதைகளைப் பாடல்களாக்கினார். அந்தச் சவுக்கு மரத்தையும் பாடினார். மரத்தின் எழிலுக்காக மட்டும் அவர் அதை நேசிக்கவில்லை. உடன் விளையாடி மறைந்தவர்களின் நினைவு அதில் குடிகொண்டிருந்ததாலேயே நேசித்தார். 1877 ஆகஸ்டு 30-ஆம் நாள் அதே நோய் அவரையும் கவர்ந்தது. அகவை இருபத்தொன்றே!

கலிலேயாக் கடலருகே நிலத்தில் உழைத்த எபிரேயக் கவிஞர் ராகேலின் வாழ்வும் இத்தகையதே. இரசியாவில் பிறந்து 1909-இல் பாலஸ்தீனம் சென்ற அவரைக் காசநோய் அக்கரையிலிருந்து பிரித்தது. தொலைவிலிருந்தே அந்நீர்ப்பரப்பை ஏங்கிப் பாடினார். 1931-இல் இறந்தபின் அதன் கரையிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மூன்று மக்களையும் இழந்த தோருவின் தந்தை கோவின் சந்தர் தத், மகளின் கையெழுத்துத் தாள்களை வீணாக விடவில்லை. அவள் எழுதிய பிரெஞ்சு நாவல் 1879-இல் பாரிசிலும், சவுக்கு மரப் பாடல் அடங்கிய கவிதைத் தொகுதி 1882-இல் இலண்டனிலும் வெளிவந்தன. அவரின்றேல் அந்த மரத்தை இன்று யார் அறிவார்?

அன்புப் பெற்றோரே, உங்கள் முற்றத்து வேம்பையோ புளியையோ வெட்டி விற்குமுன், அதன் நிழலில் யார் யார் விளையாடினர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் மகள் ஏதேனும் எழுதி வைத்திருந்தால், பழைய தாளோடு தாளாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை படித்துப் பாருங்கள், பத்திரப்படுத்துங்கள்.