மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஓராண்டு

அரசுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். 2018-இல் சமக்ர சிக்ஷா திட்டம் தொடங்கியபோது மத்திய அரசு வகுத்த கணக்கு இது. திட்டத்தை 2026 வரை நீட்டித்தபோதும் தொகையைத் தொடவில்லை. மருத்துவ மதிப்பீட்டு முகாம், காது கேட்கும் கருவி, பிரெயில் புத்தகம், பள்ளிக்கு வந்துபோகும் செலவு, துணைக்கு வருபவருக்கான படி என்று பலதும் இதற்குள் அடங்க வேண்டும். குழந்தையின் கையில் கொடுக்கும் பணமல்ல இது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒதுக்கி, தேவைக்கேற்பப் பிரித்துச் செலவிடுகிறார்கள். அப்படியே பார்த்தாலும் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் தேறாது.

இந்தத் தொகை போதாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் கருவியைவிட ஆசிரியரைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பென்சில் பிடிக்கப் பழக்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவரை நம்பி அவர் முகத்தைப் பார்க்கத் தொடங்க, அந்த ஒருவர் தினமும் வர வேண்டும். அரசுப் பள்ளிகளின் சிறப்புப் பயிற்றுநர்களால் அது முடிவதில்லை. அவர்கள் வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போகிறார். இடையில் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், முகாம் நடத்த வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். இன்று ஒரு பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை அவர் மறுபடி வரும் நாள்வரை வகுப்பாசிரியர்தான் தொடர வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் சிறப்புப் பயிற்றுநராக வருவது எளிதல்ல. அதற்கெனத் தனிப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களைத்தான் திட்டப் பணத்தில், தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கணக்காக வைத்திருக்கிறோம்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும், நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று அது சொன்னது. அதன்பின் தொடக்கப் பள்ளியில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு விகிதம் வகுத்தது. தீர்ப்பு வந்து ஏறத்தாழ மூன்றரை ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், மாநிலங்கள் நியமனம் செய்யாததைக் கண்டு, மூன்று வாரத்துக்குள் பணியிடங்களை அறிவிக்குமாறு நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் இருப்பவர்களில் தகுதியுள்ளோரைப் பரிசீலித்து எடுத்துக்கொள்ளக் குழு அமைக்கவும் சொன்னது.

மாநிலங்கள் தயங்குவதற்குக் காரணம் புரியாமலில்லை. நிரந்தரப் பணியிடம் என்றால் ஊதிய விகிதம், ஓய்வூதியம், பல்லாண்டுப் பொறுப்பு. திட்டப் பணியாளர் என்றாலோ செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது. ஆனால் அந்த 60 நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2024-இல் பார்த்துவிட்டது. பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25-க்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழி பற்றிய சண்டையாகவே அது ஊடகங்களில் பேசப்பட்டது. அதே பணத்தில்தான் சிறப்புப் பயிற்றுநரின் சம்பளமும் இருந்தது. மாநில அரசு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது.

கொள்கைச் சண்டையில் மாநிலத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஒரு திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக வேறொரு திட்டத்தின் பணத்தை மறிப்பது கூட்டாட்சி ஆகாது. ஆனாலும் மாநிலத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. கணக்கு வாத்தியாரின் சம்பளம் டெல்லியில் யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதைப் பொறுத்தா வருகிறது? அவர் மாநிலத்தின் ஆசிரியர். மாநிலத்தின் பட்ஜெட்டில் அவருக்கு இடம் உண்டு. வாய் பேசாத குழந்தைக்குச் சைகை மொழி கற்றுத்தருபவர் மட்டும் ஏன் ஆண்டுதோறும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகவே தந்திருக்கிறது. அந்த உரிமையைத் திட்ட நிதியின் ஆயுளோடு கட்டிப்போட முடியாது.

எந்த ஒன்றியத்தில் எத்தனை குழந்தைகள், என்னென்ன குறைபாட்டோடு படிக்கிறார்கள் என்ற விவரம் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. விகிதத்தில் உள்ள பத்தாலும் பதினைந்தாலும் வகுத்தால் தேவைப்படும் ஆசிரியர் எண்ணிக்கை வந்துவிடும். அதை ஒன்றியம் ஒன்றியமாக வெளியிட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கையின் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கையில் எத்தனை இடத்துக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது, மீதி எந்த ஆண்டுக்குள் என்று அரசு எழுத்தில் தர வேண்டும்.