பாம்புக்கடி மருந்து: நாலு பாம்புக்கு ஒரே குப்பி போதுமா?

நெல் அறுப்பு, கடலை பறிப்பு, ராத்திரி மோட்டார் போடப் போவது... விவசாயி கால் வைக்கிற இடமெல்லாம் பாம்புக்கும் சொந்தம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேராமல் இறந்தவர்கள்தான் அதில் அதிகம். நகரத்துப் பணக்காரர்களைக் கடிக்கும் நோயாக இருந்திருந்தால், புது மருந்து எப்போதோ வந்திருக்கும்.

இன்றைக்கு உள்ள மருந்தின் அடிப்படை, 1890-களில் பிரான்ஸின் ஆல்பர்ட் கால்மெட் காட்டிய வழிதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருவது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

சிக்கல் இங்கேதான். ஒரே கண்ணாடி விரியனின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டு விஷத்தில் தயாரான மருந்து, வடமாநிலப் பாம்பு கடித்தவருக்கு அதே வேகத்தில் கேட்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காபி, ஏலத் தோட்டங்களில் இருக்கும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கோ இந்த மருந்து வேலை செய்வதே இல்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. குதிரை இல்லாமல், மனித எதிர்ப்புப் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கியிருக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன் இனங்கள், ஆப்பிரிக்க மாம்பா ஆகியவற்றின் விஷத்தில் உள்ள ஒருவகை நரம்பு நஞ்சை அது முறிக்கிறது. ஆனால், சோதனை நடந்தது எலிகளில். விரியன்களின் ரத்த நஞ்சுக்கு அது போதாது. வாரெஸ்பிளாடிப் என்ற மாத்திரையை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. கடித்த சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் இருந்தன. ஆக, இன்றைக்கு உயிர் காப்பது அந்தப் பழைய குப்பிதான்!

வலிக்காத கடி

கட்டுவிரியன் விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. 'வாயுக் கோளாறு' என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் முடங்கும். தரையில் தூங்கி எழுந்தவருக்கு இமை தொங்கினால், பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியை எடுக்க வேண்டும். மூச்சுக் கருவி உள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், இந்த நிலையில்கூட மீட்க முடியும்.

எந்தப் பாம்பாக இருந்தாலும் கயிறு கட்டி இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டியிருக்கும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிப்போகத் தேவையில்லை. கடித்த நேரத்தைச் சொன்னால் போதும்.

'ஊசியே போடலையே!'

இந்தக் கோபத்தில் ஆஸ்பத்திரியில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. விஷமற்ற பாம்பும் கடிக்கும். விஷப் பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். குதிரை ரத்தத்திலிருந்து வரும் மருந்து என்பதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதனால்தான் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்களில் உறைகிறதா என்று பார்க்கிறார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது. முதல் சோதனையில் உறைந்தாலும், ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள். இருங்கள்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளும் இனி கணக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எத்தனை குப்பி தேவை என்பது அப்போதுதான் தெரியும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு இருக்கிறதா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். வீட்டில் கொசுவலை இருந்தால், விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கட்டுவிரியன் உள்ளே வராது.